கலைஞர் உரையாடல்: கண்காட்சிகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கண்காட்சி என்றால் குத்துவிளக்கு, பொன்னாடை, குழுப்படம், டீ என்று முடிந்துபோன காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கோவை அவினாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் ஆகட்டும், கோயம்புத்தூர் விழாவை ஒட்டித் தெருவிலேயே நடக்கும் ஆர்ட் ஸ்ட்ரீட் ஆகட்டும், படம் வரைந்தவரிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது வாய்ப்பு இருக்கிறது. அழைப்பிதழிலேயே 'கலைஞருடன் உரையாடல்' என்று ஒரு வரி போடுகிறார்கள். நல்ல விஷயம், இன்னும் நிறைய நடக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் பல இடங்களில் வீணாகப் போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, பேச்சு வந்து அவற்றை மூடிவிடுகிறது. முதல் கண்காட்சி வைக்கப்போகிற இளம் கலைஞர்களுக்கும், மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்கிறவர்களுக்கும், பார்க்க வருகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, மற்ற பாதித் தவறுகளுக்கும் காரணமான தவறு, படத்தின் அர்த்தத்தில் இருந்து பேச ஆரம்பிப்பது. "இந்தத் தொடர் நவீன மனிதனின் இருத்தல் சிக்கலையும் நினைவுக்கும் மறதிக்கும் இடையே உள்ள வெளியையும் பேசுகிறது" என்று ஆரம்பித்தால் கேட்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், அதற்கு மேல் அவரிடம் கேள்வி எதுவும் இருக்காது. அந்த வாக்கியம் உங்கள் படத்துக்கு மட்டும் உரியதா என்று பாருங்கள். பக்கத்து அறையில் மாட்டியிருக்கும் இன்னொருவர் படத்துக்கும் அதை அப்படியே ஒட்டலாம் என்றால் அதைச் சொல்லிப் பயனில்லை.

எதில் இருந்து ஆரம்பிப்பது? செய்ததில் இருந்து. எந்தத் துணி, எந்த நிறம், எதை முதலில் போட்டீர்கள், எங்கே தடுமாறியது, எதை அழித்தீர்கள், எப்போது போதும் என்று தோன்றியது. எந்த ஊரிலும் இது நல்ல வழிதான், கொங்குப் பக்கம் இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். இங்கே கண்காட்சிக்கு வருகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சோமனூரிலோ பல்லடத்திலோ தறி ஓட்டும் குடும்பத்துப் பெண், பீளமேட்டில் பட்டறை வைத்திருப்பவர், திருப்பூரில் டையிங் பார்த்தவர். நவீன ஓவியம் பற்றிப் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் ஒரு பொருளைக் கையால் உண்டாக்குவது என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங்க, இதைய எப்படிப் பண்ணுனீங்க?" என்பதுதான். அந்தக் கேள்வியைச் சின்னக் கேள்வி என்று நினைத்து ஒரு வரியில் தள்ளிவிட்டு மறுபடியும் தத்துவத்துக்குப் போகிற கலைஞரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அன்றைக்குக் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அது.

கேன்வாஸையே எடுத்துக்கொள்வோம். தறிக்காரருக்குப் பாவுக்குக் கஞ்சி போடுவது, சைசிங் செய்வது எல்லாம் அத்துப்படி. எண்ணெய் வண்ணம் தீட்டுகிறவரும் துணிக்கு முதலில் பசை பூசித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வண்ணத்தில் உள்ள ஆளி விதை எண்ணெய் நேராக நூலில் இறங்கி, வருடங்கள் போகப் போகத் துணியை இற்றுப்போகச் செய்துவிடும். அதற்கும் பெயர் சைசிங்தான். இதை ஒரு கலைஞர் நிதானமாகச் சொன்னால் அந்த அறையில் பத்துப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் எண்ணெய் வண்ணம் காய்வது. அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படி இல்லை, காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது, மேலே தொட்டால் ஒட்டாது என்று இருக்கும்போதும் கனமாகப் பூசிய இடத்தில் உள்ளே மாதக்கணக்கில் இளகியே இருக்கும், அதனால்தான் வார்னிஷ் அடிக்க ஆறு மாதமோ அதற்கு மேலோ காத்திருக்கச் சொல்வார்கள். இந்தக் காத்திருப்பு உங்கள் வேலையை எப்படி மாற்றுகிறது, ஒரே நேரத்தில் நாலு படம் வைத்து வேலை செய்கிறீர்களா, ஈரத்தின் மேலேயே அடுத்த நிறத்தைப் போடுகிறீர்களா? இதைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் பெரிய வார்த்தையில் சொல்ல நினைத்த அந்த 'காலம்', 'நினைவு' எல்லாம் தானாகவே உள்ளே வந்துவிடும்.

செய்த விதத்தைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. டச்சு ஓவியர் வான் கோ 1888 அக்டோபரில் பிரான்சின் ஆர்ல் நகரத்தில் தன் படுக்கையறையை வரைந்தபோது, சுவர் வெளிர் ஊதா என்று கடிதத்தில் தெளிவாக எழுதினார். இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் சுவர் நீலமாகத் தெரிகிறது, ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் நிறமிகளைச் சோதித்ததும் கடிதம் சொன்னதுதான் உறுதியானது. செய்தவர் சொல்லி வைத்தது இப்படிக் காலம் கடந்தும் பயன்படும். அதனால் உரையாடலைப் பதிவு செய்யாமல் விடுவதும் ஒரு தவறுதான். மறுநாள் செய்தியில் யார் குத்துவிளக்கு ஏற்றினார் என்பது வரும், எந்தச் சிவப்பை ஏன் எடுத்தீர்கள் என்பது வராது. ஒரு போனை மேசை மேல் வைத்து ஒலியைப் பதிவு செய்தால் போதும்.

அடுத்தது, உதவிய கைகளை மறைப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கோவையில் ஒரு சிற்பி அலுமினியத்திலோ இரும்பிலோ வேலை செய்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பவுண்டரி, அதாவது உலோக வார்ப்புப் பட்டறை, இருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று உலோகத்துக்கு ஏற்ற மாதிரி. அந்தச் சுருக்கத்துக்கு இடம் விட்டு பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி வடிவம்) செய்தவர் ஒருவர், மணலில் மோல்டு கட்டியவர் ஒருவர், வெல்டிங் வைத்தவர் ஒருவர். பம்ப் செட்டுக்குச் செய்துகொண்டிருந்த கை உங்கள் சிற்பத்துக்கும் செய்திருக்கிறது. அவர்கள் பெயரைச் சொன்னால் உங்கள் பெயர் குறைந்துவிடாது. யோசனை யாருடையது, கை யாருடையது, எந்த இடத்தில் அவர்கள் சொன்னதைக் கேட்டு நீங்கள் உங்கள் வடிவத்தை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள், அதைவிடச் சுவையான பேச்சு கிடையாது. பவானி ஜமக்காளத் தறியில் நெய்து வாங்கி அதைக் கண்காட்சியில் தொங்கவிடுகிறவர்களும் நெய்தவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, குறிப்பு அட்டையில் போட வேண்டும். 'உள்ளூர் நெசவாளர்களின் உதவியுடன்' என்ற மொட்டை வரி போதாது.

நீலகிரியின் குறும்பர் பழங்குடியினரின் ஓவியங்களில் இருந்து வடிவங்களை எடுப்பவர்களுக்கும் இதேதான். பாறை ஓவிய மரபோடு தொடர்புள்ள, வேங்கை மரப்பாலும் இலைச்சாறும் கொண்டு தீட்டும் ஓவியங்கள் அவை, இன்றைக்கும் வரைகிற ஆட்கள் இருக்கிறார்கள். 'பழங்குடி வடிவங்களால் ஈர்க்கப்பட்டேன்' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்து போவது சரியில்லை. எந்த ஊரில் யாரிடம் பார்த்தீர்கள், கேட்டு எடுத்தீர்களா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்ணின் அடையாளத்தைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொள்வது இன்னொன்று. காங்கேயம் காளை, நொய்யல், தறி, பனைமரம் இதில் நாலையும் ஒரே படத்தில் வைத்துவிட்டு "இது என் கொங்கு மண்" என்றால் கைதட்டு கிடைக்கும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். காளையை வரையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பார்த்தது என்ன? காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், வளர்ந்த காளைக்குத் தலையிலும் திமிலிலும் கருமை ஏறியிருக்கும். மாடு வளர்க்கிறவர் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார், உங்கள் சாம்பல் நிறக் கன்றைப் பார்த்ததுமே அவர் கேட்பார். அந்தச் சிவப்பு சாம்பலாக மாறுவதைக் கவனித்து வரைந்தவர் பேசினால் ஊர்ப்பெருமை தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

காசைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதும் தவறு. சென்னைக்கு வெளியே இஞ்சம்பாக்கத்தில் 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, அங்கிருந்தவர்கள் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்ற வருமானத்தில்தான் ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். ஓவியர் எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்தவர். இன்னொரு ஓவியர் பூபேன் கக்கர் பரோடாவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். அப்படி இருக்க, திருப்பூர் கம்பெனியில் பிரிண்ட் டிசைன் செய்வதையும் பள்ளியில் டிராயிங் வாத்தியாராக இருப்பதையும் நம் கலைஞர்கள் ஏன் அறிமுகக் குறிப்பில் இருந்து எடுத்துவிடுகிறார்கள்? நாள் முழுக்கத் திரையில் நிறம் பிரித்துப் பழகிய கண் ராத்திரி கேன்வாஸில் என்ன செய்கிறது என்பது உங்கள் படைப்பு முறையின் நடுப்பகுதி. அதை மறைத்தால் பாதிக் கதை போய்விடும்.

விலை கேட்டாலும் முகம் சுளிக்க வேண்டாம். விலைப்பட்டியலைத் தமிழில் அச்சடித்து வாசலில் வையுங்கள். எட்சிங் போன்ற பதிப்புப் படங்களில் ஓரத்தில் 3/20 என்று பென்சிலில் எழுதியிருந்தால் இருபது பிரதிகளில் மூன்றாவது என்று அர்த்தம். தகட்டில் இருந்து ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தது, ஜெராக்ஸ் இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள், "பிரிண்டுக்கு எதுக்குங்க இவ்வளவு விலை" என்ற கேள்வி பாதி குறைந்துவிடும்.

இதோடு சேர்த்து வாங்குபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: கண்காட்சியில் படம் வாங்கினால் அந்தப் பொருள்தான் உங்களுடையது. எழுத்தில் எழுதி வாங்காமல் அதை டீ-ஷர்ட்டில் அச்சடிக்கும் உரிமை வராது, திருப்பூரில் இந்தக் குழப்பம் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து, இப்படி ஒரு படம் வேண்டும் என்று கேட்டு வரையச் சொன்னால் கதை வேறு, தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் சட்டப்படி பதிப்புரிமை கேட்டவருக்கே போகும், அதனால் கலைஞர்கள் ஆர்டர் எடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவில், மூலப் படம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், அதன் பதிப்புரிமையை முதலில் வைத்திருந்த கலைஞருக்கு அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு கேட்கும் உரிமையும் இருக்கிறது. பல கலைஞர்களே இதைக் கேள்விப்பட்டதில்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு. உரையாடலைத் திறப்பு விழா நாளிலேயே வைக்காதீர்கள். சிறப்பு விருந்தினர்கள் பேசி முடிக்கும்போது ஏழரை ஆகிவிடும், கலைஞருக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதில் பாதி நன்றி சொல்வதில் போகும். தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வையுங்கள், அதுவும் நாள்காட்டியைப் பார்த்து வையுங்கள், முகூர்த்த நாளில் இந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள், எல்லாரும் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் இருப்பார்கள். நாற்காலி போட்டு மேடையில் உட்கார வைத்து, பின்னால் திரையில் படங்களைக் காட்டுவதும் வேண்டாம். அசல் பத்தடி தூரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதன் போட்டோவை எதற்குப் பார்க்க வேண்டும்? படத்துக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக நடந்தபடி பேசட்டும். வயதானவர்களுக்கு நாலு ஸ்டூல் போதும்.

கேள்வி கேட்கிறவர் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில் "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று முடிப்பதும், "சின்ன வயசிலேயே ஆர்வம் உண்டா" என்று கேட்பதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் ஒரே விடைதான். இந்தப் படத்தில் முதலில் இருந்து இப்போது இல்லாதது எது, இந்த மஞ்சளுக்கு எத்தனை முறை முயற்சி செய்தீர்கள், போன கண்காட்சியில் இருந்த அந்தக் கனத்த கோடு இந்த முறை ஏன் காணவில்லை என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால் பழைய படங்களையும் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும், நடத்துகிறவர் அந்த அளவுக்காவது தயாராக வர வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் செய்யும் தவறு என்று பார்த்தால் தொடுவதுதான். துணி ஊரில் பிறந்தவர்களுக்குத் துணியைப் பார்த்தால் விரல் தானாகப் போகும், அதைக் குற்றமாகவே சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் படத்தில் தங்கிவிடும், தொடாதீர்கள். கலைஞர் பக்கத்திலேயே அதே துணியில், அதே வண்ணத்தில் ஒரு சின்ன மாதிரித் துண்டு வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, 'தொட்டுப் பார்க்கலாம்' என்று எழுதி வையுங்கள். அப்புறம், கூட்டத்தில் எழுந்து கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமலே வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கண்காட்சி பெரும்பாலும் சில நாட்கள் நடக்கும், வார நாளில் மதியத்துக்கு மேல் போனால் கூட்டம் இருக்காது, பல நேரம் கலைஞரே அங்கே இருப்பார், எந்தப் படத்தின் முன்னால் அதிக நேரம் நின்றீர்களோ அதைக் காட்டி எப்படிச் செய்தார் என்று கேளுங்கள்.