மலைச்சாலையின் அவசர விலகுபாதை: சமவெளியிலிருந்து செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காரை மணலுக்குள் இறக்கிவிட்டு, வெளியே எடுக்கத் தெரியாமல் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துச் சக்கரங்களை மேலும் புதைத்துக்கொள்பவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். பத்துப் பேர் கூடித் தள்ளினாலும் அசையாமல் நிற்கும் அந்தக் கார் அனுபவிக்கும் அதே நிலையைத்தான், மலைச்சாலைகளில் பொறியாளர்கள் வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் லாரியையோ பேருந்தையோ நிறுத்துவதற்காக, சாலையிலிருந்து பிரித்து, கூழாங்கற்களையோ மணலையோ தளர்வாகவும் ஆழமாகவும் நிரப்பி வைக்கும் தடத்தை அவசர விலகுபாதை எனலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1956ஆம் ஆண்டிலேயே இத்தகைய தடம் அமைக்கப்பட்டுவிட்டது.

நம் பகுதியில் இதைப் பார்த்துப் பழக வாய்ப்பில்லை. கடலூருக்குக் கேப்பர் மலை என்று ஒன்று இருக்கிறதென்றாலும், அதன் மீது ஏறி இறங்குவதை மலைப்பயணம் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் கோடை விடுமுறையில் இங்கிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் புறப்படும் வேன்கள் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டுக்கும், 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கும் செல்கின்றன. பெங்களூருக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற லாரிகள் தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கிச் சேலம் வழியாகத் திரும்புகின்றன. எனவே விலகுபாதையைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டியவர்கள், அதை அன்றாடம் பார்க்காத நாம்தான்.

முதல் தவறு, அதைச் சும்மா கிடக்கும் இடமாக நினைப்பது. இறக்கத்தில் வண்டியை ஓரங்கட்ட இடம் தேடும் ஓட்டுநருக்கு, அகலமாகவும் காலியாகவும் தெரியும் விலகுபாதையின் வாயில் மிகவும் வசதியாகத் தோன்றும். தேநீர் குடிக்க, படம் எடுக்க, வாந்தியெடுக்கும் குழந்தையை இறக்கிவிட என்று எந்தக் காரணத்துக்காக அங்கே நிறுத்தினாலும், மேலேயிருந்து பிரேக் இல்லாமல் வரும் ஒரு லாரிக்கு இருக்கும் கடைசி வாய்ப்பை அடைத்துவிடுகிறோம். நல்ல விலகுபாதைகளை 8 மீட்டருக்குக் குறையாத அகலத்தில் அமைக்கச் சொல்வதே, முன்பே ஒரு வண்டி உள்ளே சிக்கியிருக்கும்போது இரண்டாவது வண்டி வந்தாலும் இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த இடைவெளி நம் காருக்காக விடப்பட்டதன்று.

அடுத்த தவறு ஓட்டுநர்களுடையதன்று, பாதையை அமைப்பவர்களும் பராமரிப்பவர்களும் செய்வது. ஆனால் சாலையைப் பயன்படுத்துபவர்களும் அறிந்திருந்தால்தான் கேள்வி கேட்க முடியும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கல் என்றால் எல்லாம் கல்தானே என்று, கட்டட வேலைக்குப் போடும் உடைத்த ஜல்லியை விலகுபாதையில் கொட்டிவிடக் கூடாது. உடைத்த ஜல்லிக்கு விளிம்புகள் கூர்மையாக இருக்கும். அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகிவிடுவதால் சக்கரம் புதையாமல் மேலே ஓடிவிடும். ஏறத்தாழ ஒரே அளவுள்ள உருண்டைக் கூழாங்கற்களோ கோத்துக்கொள்ள விளிம்பில்லாமல் நழுவி விலகி, சக்கரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

வேறுபாடு சிறிதன்று. சாலைப் பொறியியலில் பயன்படும் உருள்தடை (உருளும் சக்கரத்தைத் தரை எவ்வளவு தடுக்கிறது என்பது) மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால், சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் இல்லாமல் உருளும் வண்டி, தார்ச்சாலையில் தானாக நிற்க 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆகும். தளர்வான உடைகல்லில் அது 790 மீட்டர். மணலில் 260 மீட்டர். சிறு கூழாங்கற்களில் வெறும் 157 மீட்டர். பாதை மேல்நோக்கி ஏறுமாறு அமைந்தால் இந்தத் தொலைவு இன்னும் குறையும். ஆனால் கூழாங்கல் படுகை இல்லாமல் ஏற்றத்தை மட்டும் நம்பி அமைத்தால், வேகம் அடங்கி நின்ற வண்டி பின்னோக்கி உருண்டு மறுபடியும் சாலைக்கே வந்து சேரும். பிரேக் இல்லாத வண்டி ஏற்றத்தின் உச்சியிலேயே நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கே மறுபடியும் கடற்கரையை நினைத்துப் பார்க்கலாம். அலை தொட்டுச் செல்லும் ஈரமணலில் சைக்கிள்கூட ஓட்டிவிடலாம். பத்தடி தள்ளி உலர்ந்த மணலில் நடப்பதற்கே கால் வலிக்கிறது. ஈரமும் நுண்மண்ணும் கல் இடுக்குகளை அடைத்துவிட்டால் விலகுபாதையும் ஈரமணலைப் போலத்தான் ஆகும். மழைநீர் மலைச்சரிவிலிருந்து அடித்துவரும் மண் கூழாங்கற்களுக்கு இடையில் படிந்து படுகையை இறுகச் செய்யும் என்பதால், அடியில் நீர் வடிய வழி செய்திருக்க வேண்டும். படுகையை அவ்வப்போது கிளறிவிட வேண்டும். புல் முளைத்துப் பசுமையாகத் தெரியும் விலகுபாதை கண்ணுக்கு அழகாக இருக்கலாம், வண்டியை நிறுத்தாது.

ஓட்டுநர்களின் தவறுகளில் மிகப் பழையது, டீசல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. சமவெளியில் பழகிய கைக்கு இது சாமர்த்தியமாகத் தெரிகிறது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் செலுத்துவது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கே டீசல் செலவாகும். ஆகவே மிச்சம் என்று நினைப்பதே செலவு. அதைவிட முக்கியமாக, எஞ்சின் சக்கரத்தைப் பிடித்திழுக்கும் தடை முற்றிலும் போய், முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழுகிறது. சாவியை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசமானது. பவர் ஸ்டியரிங்கும் போய்விடும், பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட அழுத்தமும் சில மிதிகளில் தீர்ந்துவிடும்.

பிரேக் எவ்வளவு வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. ஆட்களோடு 4 டன் எடையுள்ள ஒரு வேன் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை 11 மணி நேரம் ஓடவிட்டால் வரும் சூட்டை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் சக்கரங்களில் கொட்டுகிறோம். ஏற்றத்துக்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் விதி, இந்தச் சூட்டில் பெரும்பங்கை எஞ்சினிடம் ஒப்படைப்பதற்காகத்தான். ஏற்காட்டிலிருந்து திரும்பிய ஒரு பயணத்தில், ஏதோ கருகும் வாடை வருகிறது, காட்டில் யாரோ தீ வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கருகியது எங்கள் வேனின் பிரேக் லைனர். ஓட்டுநர் டாப் கியரில், மிதித்த காலை எடுக்காமல் இறங்கிக்கொண்டிருந்தார்.

நம் கடலோரத்துக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கையும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்த ஆயிலில் குமிழிகள் உண்டானால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. உப்புக்காற்றில் வருடக்கணக்காக ஓடிய வண்டியின் ஆயிலை மாற்றாமல், டயரையும் டீசலையும் மட்டும் பார்த்துவிட்டு மலைக்குப் புறப்படுவது தவறு. ஏர் பிரேக் உள்ள லாரிகளில், பெடலை அடிக்கடி மிதித்து மிதித்து விட்டுக்கொண்டே இருந்தால் காற்று இறங்கிவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பிரேக் போய்விட்டது என்றால், அப்போது செய்யப்படும் பெரிய தவறு தயக்கம். அடுத்த வளைவில் சமாளித்துவிடலாம், வண்டி சேதமாகிவிடும், முதலாளி கேட்பார் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுநர் விலகுபாதையைக் கடந்துவிடுகிறார். வேகம் கூடிக்கொண்டே போகிறது. நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். மேலே சொன்ன அதே கூழாங்கல் படுகையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்த வண்டி 100 மீட்டரில் நிற்குமென்றால், 120 கிலோமீட்டரில் நுழைந்தது 227 மீட்டர் ஓடும். கருகும் வாடை, வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும் பெடல், சக்கரத்திலிருந்து புகை ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டால், இடம் கிடைத்தவுடன் நிறுத்தி ஆறவிட வேண்டும். நிறுத்தவே முடியவில்லை என்றால், முதலில் வரும் விலகுபாதையே நமக்குரியது. இதற்காகத்தான் இறங்கத் தொடங்கும் முன்பே வழியில் எங்கெங்கே விலகுபாதை இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா மலைச்சாலைகளிலும் அது இருக்கும் என்று நம்பிப் போவதும் தவறுதான். உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 வளைவுகளுடன் இறங்கும் கல்லட்டி சாலையில், தொடர் விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வாகனங்கள் கீழிறங்கவே தடை விதிக்கப்பட்டது.

நுழையும்போது ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் கல்லில் இறங்கும்படிதான் வாயிலை அமைப்பார்கள். படுகையின் ஆழமும் தொடக்கத்தில் 75 மில்லிமீட்டர் அளவில் இருந்து, படிப்படியாக ஒரு மீட்டரை எட்டும். குறுக்காக நுழைந்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் புதைந்து வண்டி சுழலவோ கவிழவோ கூடும். உள்ளே போன பின்பு ஒடித்துத் திருப்புவதாலும் பயனில்லை.

வண்டி நின்றதும் உடனே ரிவர்ஸ் கியர் போட்டு எடுக்க முயல்வதுதான், சில்வர் பீச்சில் கார் ஓட்டுபவர் செய்யும் அதே தவறு. பயணிகளை இறக்கி, படுகைக்கு வெளியே, சாலையின் மேல்பகுதியிலிருந்து வரும் வண்டிகள் தொடாத இடத்தில் நிற்க வைத்துவிட்டு, காவல்துறைக்கோ நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்கோ தகவல் சொல்ல வேண்டும். கிரேன் கொண்டுதான் எடுக்க முடியும்; அதற்காகவே முறையாக அமைத்த விலகுபாதைகளில் ஓரமாக ஒரு பணிப்பாதையும், கம்பி வடத்தைக் கட்டுவதற்கான கான்கிரீட் பிடிமானங்களும் இருக்கும். யாருக்கும் சொல்லாமல், தெரிந்தவரின் டிராக்டரைக் கொண்டுவந்து இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போவது வேண்டாம். வண்டி கிழித்த தடத்தை நிரப்பி, கற்களைக் கிளறிச் சமன்செய்யும் வரை, அந்தப் படுகை அடுத்து வரும் வண்டியை முன்புபோல் தாங்காது.