மழை முகாமுக்குத் தண்ணீர், கழிப்பறைத் திட்டம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், வடசென்னையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் எண்ணூரிலும் வேலை செய்யும் இளைஞர் குழுக்கள் தங்கள் அவசரகாலத் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு வந்து காட்டுவது வழக்கம். ஆட்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். எங்கள் தலைமுறை செய்த தவறுகள் மட்டும் அதே வரிசையில் திரும்ப வருகின்றன. கை கழுவச் சொல்ல மறப்பது, சோப்பு வாங்க மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

பிளீச்சிங் பவுடர் இருக்கிறது என்பதைக் குளோரின் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு இது. திட்டத்தில் "பிளீச்சிங் பவுடர், இத்தனை மூட்டை" என்று ஒரு வரி இருக்கும். அதோடு தண்ணீர்ச் சுத்திகரிப்பு என்ற தலைப்பு முடிந்துவிடும். புதிதாக வந்த பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். வெயிலும் ஈரமும் காற்றும் படப்பட அந்த வீரியம் குறைந்துகொண்டே போகும். கோடையில் வாங்கி, வாயைக் கட்டாமல், தகரக் கூரைக்குக் கீழே போட்டு வைத்த மூட்டையை டிசம்பரில் பிரித்தால் கையில் கிடைப்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கில், 1,000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு 33 சதவீத வீரியமுள்ள பவுடர் 6 கிராம் போதும். வீரியம் 10 சதவீதமாக இறங்கியிருந்தால் 20 கிராம் வேண்டும். மூட்டையைப் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது, கைப்பிடிக் கணக்கில் போடுகிறவருக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு பள்ளிக்கூட முகாமில் சின்டெக்ஸ் டேங்க் அருகே பதிவேடு ஒன்று தொங்கியது. வேளாவேளைக்கு "குளோரின் இட்டாயிற்று" என்று ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், பிசகாமல் நிரப்பப்பட்டிருந்தது. குழாயில் பிடித்த தண்ணீரைக் குளோரின் அளவை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் குழலில் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது மஞ்சள் நிறம் சிறிதும் ஏறவில்லை. பொறுப்பாளரிடம் சொன்னதும் அவர் பதறிப்போய் அடுத்த நிரப்பலில் இரண்டு கை பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டார். மாலையில் ஓர் அம்மா குடத்தை என் முன்னால் வைத்து, "தம்பி, மருந்து வாடை அடிக்குது, புள்ள வாயில வைக்க மாட்டேங்குது" என்றார். அன்றிரவு அந்தத் தண்ணீர் பாத்திரம் கழுவப் போயிற்று. குடிப்பதற்கு எங்கிருந்தோ வந்த மூடியில்லாத கேன் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார்கள். குறைவாகப் போட்டதற்கும் கூடுதலாகப் போட்டதற்கும் முடிவு ஒன்றாகவே இருந்தது.

இதற்கு மாற்று வழி கடினமானதன்று. சுமார் 33 கிராம் புதுப் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். நான்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகளில் லாரித் தண்ணீரை நிரப்பி, அந்தக் கரைசலை 1, 2, 3, 4 மில்லிலிட்டர் என்று கூட்டிக்கொண்டே போய்க் கலக்கி, அரை மணி நேரம் கழித்துச் சோதித்து, எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் நிற்கும் வாளியின் கணக்கை டேங்க்குக்குப் பெருக்கிக்கொள்ள வேண்டும். மூட்டையின் வீரியமும் தண்ணீரின் அழுக்கும் இந்த ஒரே சோதனையில் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் படிகாரம் போட்டுத் தெளிய வைக்க வேண்டும்; சேற்றோடு போடும் குளோரின் சேற்றுக்கே செலவாகிவிடும். பிறகு சோதனை டேங்க் அடியில் முடிந்துவிடக் கூடாது. குடும்பங்கள் பிடித்து வைத்திருக்கும் குடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கிறதா என்று தினமும் சில குடங்களைப் பார்ப்பவர் யார் என்பதைத் திட்டத்திலேயே பெயரோடு எழுத வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் தெருவின் இரு ஓரத்திலும் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாக்கடைச் சேற்றின் மேல் விழுந்த குளோரின் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். புகைப்படத்தில் வேலை நடந்ததாகத் தெரிவதைத் தவிர அதனால் பயனில்லை. குடிநீருக்கு ஒதுக்கிய மூட்டை இப்படிக் கோடாகப் போய்விடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பவுடரும் கழிப்பறை ஆசிட்டும் ஒரே அறையில்

வேண்டாம். இரண்டும் கலந்தால் வருவது நச்சுவாயு.

மின்சாரம் இருக்கும் என்று நம்பிக் கழிப்பறைக் கணக்குப் போடுவது

வடசென்னையின் கழிவுநீர் நீரேற்று நிலையங்கள் வழியாகத்தான் கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. பம்பு நின்றாலோ, மேன்ஹோலுக்குள் வெள்ளம் இறங்கினாலோ, தரைத்தளக் கழிப்பறைகளில் கழிவு எதிர்த்து மேலே வரும். ஆகவே பள்ளியில் உள்ள எல்லாக் கழிப்பறையையும் எண்ணி, ஆட்களின் எண்ணிக்கையை அதனால் வகுத்து, "போதும்" என்று எழுதுவதில் பொருளில்லை. பேரிடர் நிவாரணப் பணிக்கான பன்னாட்டு வழிகாட்டியான ஸ்பியர் கையேட்டின் அளவுகோல் 20 பேருக்கு ஒரு கழிப்பறை, முதல் நாட்களின் நெருக்கடியில் 50 பேருக்கு ஒன்று. அதிலும் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. மாடியில் எத்தனை இயங்கும், தூக்கிவரக்கூடிய கழிப்பறை எங்கிருந்து வரும், அதைக் காலி செய்யும் வண்டி தேங்கிய தண்ணீரைத் தாண்டி வருமா என்பவற்றுக்கு விடை இருந்தால்தான் அது திட்டம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று தண்ணீர்க் கணக்குப் போடும்போது, கழிப்பறையில் ஊற்றுவதற்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் தேவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாப்கின் கொடுத்து, மூடியுள்ள தொட்டி வைக்காதது

மறுநாளே கழிப்பறை அடைத்துக்கொள்ளும்.

எண்ணெயையும் கொதிக்க வைத்தால் சரியாகும் என்று நினைப்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகம் வரை படிந்தது. நமது பகுதித் திட்டங்கள் கிருமியை மட்டுமே எதிரியாக வைத்து எழுதப்படுகின்றன. காய்ச்சினாலும் குளோரின் இட்டாலும் எண்ணெயும் ரசாயனமும் போகாது. தொழிற்சாலைகளை ஒட்டிய தெருக்களில் வெள்ளம் ஏறிய அடிபம்புகளுக்கு, சோதனை முடிவு வரும்வரை குடிக்கக் கூடாது என்று பலகை கட்டுவதும், அந்தத் தெருக்களுக்கு லாரித் தண்ணீரை முதலில் அனுப்புவதும் தனியாக எழுதப்பட வேண்டும்.

லாரி வரும் வழி

வியாசர்பாடி அருகே மழையில் நீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டு வழியைக் குறியுங்கள்.

பள்ளிக் கழிப்பறையின் சாவி

யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். கைப்பேசி எண் மட்டும் போதாது, டவர் விழுந்த நாளில் அதற்குப் பயனில்லை. அவர் வீட்டு முகவரியும், அவர் ஊரில் இல்லாதபோது சாவியை வைத்திருப்பவரின் முகவரியும் வேண்டும்.