நடுக்கட்டை தாங்குகிறதா, தொங்குகிறதா? ஒரு கூரை ட்ரஸ்ஸை மூட்டு மூட்டாகக் கணக்கிடுவோம்

பழைய ஓட்டுக் கட்டடத்தில் அண்ணாந்து பார்த்தால் முக்கோணச் சட்டம் ஒன்று தெரியும். இரண்டு சாய்ந்த கைமரங்கள், அடியில் ஒரு கிடைச்சட்டம், நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கட்டை. கிங் போஸ்ட் ட்ரஸ் என்பது இதுதான். நடுக்கட்டைதான் கூரைக்கு முட்டுக்கொடுக்கிறது என்று முதலாண்டுத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவன் நான். கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில் படம். இடது முனை ஏ, வலது முனை பி, உச்சி சி, அடிச்சட்டத்தின் நடுப்புள்ளி டி. ஏ முதல் பி வரை 8 மீட்டர், உயரம் 3 மீட்டர். அப்படியானால் கைமரம் 5 மீட்டர்; அது அடிச்சட்டத்தோடு சேரும் கோணத்துக்கு சைன் 3/5, காஸ் 4/5. கால்குலேட்டர் வேண்டாம் என்றுதான் இந்த அளவு. சி-யில் ஓட்டின் பாரம் 12 கிலோநியூட்டன், டி-யில் தொங்கும் சீலிங் 6 கிலோநியூட்டன். மூட்டுகள் எல்லாம் கீல் போலத் திரும்பக்கூடியவை, பாரம் மூட்டுகளில் மட்டுமே விழுகிறது, சட்டங்களின் சொந்த எடை கணக்கில் இல்லை.

இதைத் தீர்க்க முடியுமா என்று ஒரு சோதனை: மூட்டுக்கு இரண்டு சமன்பாடு (கிடை, செங்குத்து), அவற்றில் 3 தாங்கிகளின் விசைக்கே போய்விடும், மிச்சம் சட்டங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். மூட்டுகள் 4, இரண்டால் பெருக்கி 3 கழித்தால் 5. சட்டங்களும் 5 (அடிச்சட்டம் டி-யில் இரண்டாகப் பிரிகிறது). சரி.

அடுத்து தாங்கிகள். மொத்தப் பாரம் 18. இருபுறமும் ஒரே மாதிரி என்பதால் ஏ-யில் 9, பி-யில் 9, மேல்நோக்கி.

இனி மூட்டுகள். தெரியாத விசை இரண்டுக்கு மேல் இல்லாத மூட்டில்தான் தொடங்க வேண்டும். சி-யில் மூன்று இருக்கின்றன, அங்கே போனால் மாட்டிக்கொள்வோம். ஏ-யில் இரண்டுதான். எல்லாச் சட்டமும் மூட்டை இழுப்பதாகவே வைத்துக்கொண்டு அம்புகளை மூட்டிலிருந்து வெளியே பார்த்தபடி போடுங்கள். விடை மைனஸில் வந்தால் அது அமுக்குவிசை. அம்பைத் திருப்பி வரையப் போகாதீர்கள். குறியைக் குழப்பிக்கொள்கிறவர்கள் எல்லாம் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஏ மூட்டில், செங்குத்தாக: 9 + ஏசி × 3/5 = 0. ஏசி = −15, அதாவது கைமரத்தில் 15 கிலோநியூட்டன் அமுக்கம்.
கிடையாக: ஏடி + (−15) × 4/5 = 0. ஏடி = 12, இழுவிசை. கைமரங்களின் கால்கள் வெளியே சறுக்காமல் அடிச்சட்டம் இழுத்துப் பிடிக்கிறது.

வலப்பக்கமும் இதே விடைதான். மிச்சம் டி மூட்டு. அங்கே கீழே 6 இழுக்கிறது. மேலே இழுக்க நடுக்கட்டையைத் தவிர ஆளில்லை. ஆகவே சிடி = 6, இழுவிசை!

கட்டை உச்சியிலிருந்து தொங்குகிறது. அதன் இடத்தில் ஒரு இரும்புக் கம்பியை மாட்டினாலும் போதும். சீலிங்கைக் கழற்றிவிட்டால் இந்தக் கணக்குப்படி அதில் விசையே இல்லை. நிஜத்தில் அடிச்சட்டம் தன் எடையால் நடுவில் தொய்யாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

சி-யில் சரிபார்க்கலாம்: கைமரங்கள் மேலே தள்ளுவது 2 × 15 × 3/5 = 18; கீழே 12 + 6 = 18.

உயரத்தை மட்டும் 1.5 மீட்டராகக் குறைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். அடிச்சட்டத்தில் 24 வர வேண்டும்.