ஃபைட்டர் மீன் வாங்க ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் இருக்கும் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போனால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். அப்பாவின் ஒரு கையில் உருண்டைக் கண்ணாடிப் பவுல், இன்னொரு கையில் மீன் கவர், பக்கத்தில் துள்ளிக்கொண்டு வரும் பிள்ளை. அன்று மாலையே குழாய்த் தண்ணீரைப் பிடித்து மீனை உள்ளே விட்டுவிடுவார்கள். பல வீடுகளில் அந்த மீன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை இருப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. இரண்டு கோல்டு ஃபிஷ் வாங்கி வந்தோம். தண்ணீர் கலங்கியதும் பவுலைப் பளபளவென்று கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினோம். ஐந்தாம் நாள் காலை இரண்டும் மிதந்தன. என் மகள் அன்று சாப்பிடவே இல்லை. கெட்டுப்போனது மீன் அல்ல, நாங்கள் கொடுத்த தண்ணீர் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. அதனால் இந்தச் செய்முறையில் மீன் வாங்கும் படி பாதிக்கு மேல்தான் வரும். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 1: எந்த மீன் என்று முடிவு செய்வது

முதல் மீனுக்கு நான் சொல்வது ஃபைட்டர். பெட்டா என்றும் சொல்வார்கள். தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும், ஆழமில்லாத அசையாத தண்ணீரில் வாழும் மீன் இது. 2019ஆம் ஆண்டு அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் ஊர் பனையேறிக் கெண்டையைப் போல இதற்கும் செவுள்களுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் சில மணி நேரம் தாங்கும். 24 முதல் 28 டிகிரி வெப்பம் இதற்குப் பிடிக்கும் என்பதால் சென்னையில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது.

கோல்டு ஃபிஷ் குட்டியாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நன்றாக வளர்ந்தால் உங்கள் உள்ளங்கையைத் தாண்டும், கழிவும் அதிகம். ஒரு சின்னப் பவுல் அதற்குப் போதவே போதாது.

ஃபைட்டர் என்றால் ஒன்றே ஒன்று. இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் சண்டை போட்டு ஒன்றையொன்று கிழித்துவிடும். ‘துணைக்கு’ என்று ஒரு பெண் மீனை நிரந்தரமாகச் சேர்த்து வைப்பதும் வேண்டாம். அதற்குத் தனிமை துன்பம் இல்லை.

படி 2: தொட்டியும் இடமும்

கடையில் ஃபைட்டரைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டிலும் அதுவே போதும் என்று நினைக்கிறோம். அது விற்கும் வரை வைத்திருக்கும் இடம். வாழ்வதற்கு ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி நல்ல அளவு. விளிம்பு வரை நிரப்பினால் 28 லிட்டர் பிடிக்கும். ஆனால் மேலே இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். காற்று எடுக்க அந்த இடைவெளி வேண்டும். ஃபைட்டர் நன்றாகத் தாவும் என்பதால் மூடியும் அவசியம்.

தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட் போடுங்கள். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், பாசி பிடிக்கும், தண்ணீரும் சுடும். இன்னொன்றை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்: கொசுவத்தி, கொசு மருந்துத் திரவம், ஸ்பிரே எதுவும் அந்த அறையில் வேண்டாம். இவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதனைவிட மீனுக்குப் பல மடங்கு விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் என்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சின்ன ஏர் பம்பும் போதும். வேகமாகத் தண்ணீரைத் தள்ளும் ஃபில்டரில் ஃபைட்டரின் நீளமான வால் அலைக்கழியும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும்.

படி 3: தண்ணீர்

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், லாரித் தண்ணீரிலும் அப்படியே. நமக்குப் பாதுகாப்பு, மீனின் செவுளுக்கு நெருப்பு. அகலமான வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கேளுங்கள், பாட்டிலில் போட்ட அளவுப்படி விடுங்கள்.

போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக, கடினமாக இருந்தாலும் ஃபைட்டர் பழகிக்கொள்ளும், கடல் பக்கம் போல மிகவும் கரிப்பாக இல்லாதவரை. அதற்குத் தாங்காதது திடீர் மாற்றம். இந்த வாரம் போர், அடுத்த வாரம் மெட்ரோ என்று மாற்றாதீர்கள். கேன் தண்ணீர் மட்டும் ஊற்றுவதும் சரியில்லை, அதில் மீனுக்குத் தேவையான தாது உப்புகள் மிகக் குறைவு.

தெருவோர பாதாம் மரத்தின் அடியில் பழுத்துக் காய்ந்து விழுந்த இலைகள் கிடக்குமே, அதில் ஒன்றைக் கழுவித் தொட்டியில் போடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் இலை இது. பூச்சி மருந்து அடிக்காத மரமாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: தொட்டியைப் பழக்குவது

எல்லோரும் தாண்டிப் போய்விடும் படி இது. எங்கள் கோல்டு ஃபிஷ் செத்ததும் இதனால்தான்.

மீனின் கழிவிலிருந்தும், அது தின்னாமல் விட்ட தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கும், ஆனால் மீனின் செவுளை எரித்துவிடும். குளத்தில் ஏன் இப்படி ஆவதில்லை? அங்கே ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். அதை இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குத் தொந்தரவு இல்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் கிடையாது. ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் அவை குடியேறிப் பெருக, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தொட்டியை நிரப்பி ஃபில்டரை ஓட விடுங்கள். மீன் இருப்பதாக நினைத்துக்கொண்டு தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா ஆகும், பாக்டீரியாவுக்கு அதுவே சாப்பாடு. இரண்டாம் வாரம் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கலாம். கொட்டிவிடத் தோன்றும், கொட்டாதீர்கள். தானாகத் தெளியும். கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட் வாங்கி வாரம் ஒருமுறை பாருங்கள். தீனி தொடர்ந்து போட்டும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு. நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் நாட்கள் வெகுவாகக் குறையும்.

இந்த ஒரு மாதத்தில் என் மகள் தினமும் தீனி போட்டாள், அளந்து நோட்டில் எழுதினாள். மீன் வருவதற்கு முன்பே அவளுக்கு வேலை பழகிவிட்டது.

படி 5: கடையில்

அவசரமில்லாமல் பாருங்கள். டப்பாவுக்கு முன்னால் விரலை மெதுவாக அசைத்தால் நல்ல மீன் திரும்பிப் பார்க்கும், செவுள் மூடியை விரித்து முறைக்கும். துடுப்பின் ஓரம் கிழிந்திருந்தாலும், உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தாலும், வயிறு ஒட்டிப்போயிருந்தாலும் வேண்டாம். அது என்ன தீனி தின்கிறது என்று கேட்டு அதையே வாங்குங்கள்.

‘தொட்டியைச் சுத்தம் செய்யும், ஒரு சக்கர் மீன் எடுத்துக்கோங்க சார்’ என்பார்கள். எடுக்காதீர்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும். வைக்க முடியாமல் ஆட்கள் ஏரியில் விட்டுவிட்டு, இன்று நம் ஏரிகளில் அது பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

படி 6: வீட்டில் விடுவது

கவரைப் பிரிக்காமல் தொட்டித் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகும். பிறகு வாயைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன டம்ளர் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் ஊற்றுங்கள். நான்கைந்து முறை போதும். அப்புறம் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம். மூலையில் போய் ஒளிந்துகொண்டால் அப்படியே விடுங்கள், கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடாதீர்கள்.

படி 7: தினமும், வாரமும்

தீனி காலை மூன்று உருண்டை, மாலை மூன்று. ஃபைட்டரின் வயிறு மிகச் சின்னது. வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. வீட்டில் ஆளாளுக்குப் போட்டால் கணக்குத் தப்பும், ஒருவரிடம் மட்டும் பொறுப்பைக் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்குத் தண்ணீரை, டியூப் வைத்து அடியில் உள்ள அழுக்கோடு உறிஞ்சி எடுத்துவிட்டு, குளோரின் போன தண்ணீரை ஊற்றுங்கள். தொட்டியைக் காலி செய்து கழுவவே கூடாது. ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழிந்துவிட்டுத் திரும்ப வையுங்கள். குழாயடியில் கழுவினால் ஒரு மாதம் வளர்த்த பாக்டீரியா போய்விடும்.

மே மாத வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும். ஐஸ் கட்டி போடாதீர்கள். மூடியைக் கொஞ்சம் விலக்கி, அந்த இடைவெளியில் வலைத்துணி கட்டி, மேஜை விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பிவிட்டாலே சில டிகிரி குறையும்.

மீன் சுருண்டு கிடந்தால், வால் ஓரம் அரித்தால், மருந்துக்கு ஓடும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வருடம் உங்களோடு இருக்கும்.

ஒரு நாள் காலை தொட்டி மூலையில், தண்ணீர் மேல் சோப்பு நுரை போலக் குமிழ்கள் திரண்டிருக்கும். சோப்பு விழுந்துவிட்டதோ என்று முதல் முறை நான் பதறினேன். அது ஆண் மீன் தன் வாயால் ஊதிக் கட்டும் கூடு, முட்டைகளைக் காப்பதற்கு. பெண் மீன் இல்லாவிட்டாலும் கட்டும். அதைக் கலைக்காதீர்கள், அந்த வாரம் தண்ணீர் மாற்றும்போது எதிர் மூலையில் மெதுவாக ஊற்றுங்கள்.