தண்ணீரைக் குறையுங்கள்: சேலத்து வெயிலில் நாட்டுச் செடித் தோட்டம்

நாட்டுச் செடித் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் நேராக நர்சரிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நாட்டுச் செடி என்று எடுத்துக் கொடுக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கரில் பிறந்தது. காகிதப்பூவின் ஊர் தென் அமெரிக்கா. அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், பகை ஒன்றுமில்லை. ஆனால் இந்த மண்ணில் நமக்கு முன்பே குடியிருக்கும் ஆவாரை, நொச்சி, தும்பை, எருக்கு போன்றவை பெரும்பாலும் விலைக்கு வருவதில்லை. வேலியோரம் விதை பொறுக்க வேண்டும். தெரிந்த வீட்டில் குச்சி கேட்க வேண்டும்.

நான் சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்கிறவன். வெள்ளியை நெருப்பில் ஒட்டப் பற்று வைத்துக் கண் எரியும்போதெல்லாம் பின்பக்கம் போய் நிற்பேன். கஞ்சமலை தெரிகிற அந்தச் சின்ன இடத்தில் எது பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் இது. ஏற்காட்டுக்காரர்களுக்குப் பொருந்தாது, அவர்கள் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து ஆர்க்கிட் வாங்கி வந்து சேலத்து மொட்டை மாடியில் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சித்திரை வெயிலுக்கு அது தாங்குமா? ஆசையாக இருந்தால் மலையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்குங்கள்.

முதலில் ஆவாரை. மாசி, பங்குனியில் சாலையோரச் செடிகளில் தட்டைக் காய்கள் பழுத்துக் காய்ந்து கலகலக்கும். உருவி வந்து விதையைத் தனியே எடுத்து வையுங்கள். அதன் தோல் கெட்டி. அப்படியே போட்டால் முளைக்க வெகு நாளாகும். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் விதையை நாலு தேய்ப்புத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஊறி உப்பியவற்றை மட்டும் ஆடியில் நட வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுங்கள். தொட்டியில் வளர்த்துப் பிறகு மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். ஆணிவேர் நேராகக் கீழே இறங்குகிற செடி. அது அறுந்தால் செடி எழுந்திருக்காது.

ஆடியில் நடுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஆவணி முதல் ஐப்பசி வரைதான் மழை நன்றாகப் பிடிக்கும். கன்று அதற்குள் வேர் விட்டுவிடும். கார்த்திகைக்குப் பிறகு வாரம் ஒரு தண்ணீர் போதும். அடுத்த ஆண்டு அதுவும் வேண்டாம். செடியைக் கொல்வது பெரும்பாலும் நம் பாசம்தான். காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டால் ஆவாரை இலை வெளுத்து வேர் அழுகிப் போகும். அதிலும் உப்புக் கரிக்கிற போர் தண்ணீர் என்றால் தொட்டி விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். இலை நுனி கருகுவதும் அதனால்தான். மழைத் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து வையுங்கள். எங்கள் தொழில்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: வெள்ளி அலசிய அமிலத் தண்ணீரை மண்ணில் ஊற்றாதீர்கள். அந்த இடத்தில் புல்கூட வராது.

ஆவாரை பூத்துவிட்டால் போகியன்று காப்புக் கட்டக் கடைவீதிக்குப் போக வேண்டியதில்லை. வேப்பிலை தெருவிலேயே இருக்கிறது, பூளைப்பூ மழைக்குத் தானாக முளைக்கிறது, ஆவாரம்பூ கைக்கு எட்டுகிறது. தெருவில் உள்ளவர்கள் வந்து கேட்கும்போது ஒடித்துக் கொடுக்கிற பெருமை இருக்கிறதே, அதற்காகவே ஒரு செடி வைக்கலாம்.

நொச்சிக்கு அதிகம் சொல்ல வேண்டாம். பென்சில் பருமனுள்ள குச்சியை மழைக்காலத்தில் சாய்த்து ஊன்றினால் வேர் பிடிக்கும். ஆடு கடிக்காது. வளர்ந்தபின் ஆண்டுக்கு ஒரு முறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள்.

கறிவேப்பிலைதான் ஆளைச் சோதிப்பது. கடையில் வாங்கத் தேவையில்லை; பெரிய மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றை வேரோடு பறித்து நடலாம். ஆனால் இரண்டாக நடுங்கள், ஒன்று சமையலுக்கு, மற்றது புழுவுக்கு. கொழுந்தில் வெளிர்மஞ்சளாக, கடுகைவிடச் சிறியதாக ஒரு முட்டை தெரிந்தால் வண்ணத்துப்பூச்சி வந்து போயிருக்கிறது என்று பொருள். பொரிந்து வரும் புழு முதலில் பறவை எச்சத்தைப் போலவே பழுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும். வளர்ந்தபின் இலையின் பச்சைக்கு மாறிவிடும். தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்று வெளியே நீண்டு புளித்த நாற்றம் அடிக்கும். மருந்து அடிக்காதீர்கள். சமையல் செடியில் கண்டால் இலையோடு கிள்ளி மற்றதில் வைத்துவிடுங்கள்.

கூட்டுப்புழுவானதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிட முடியாது. பத்து நாள் அளவில் கூடு வெடித்துச் சிறகு விரிய வேண்டும். சில கூடுகள் அப்படியே பழுத்துக் காய்ந்து தொங்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஓட்டில் ஊசி குத்தியது போன்ற துளை. உள்ளே முட்டையிட்ட குளவியின் குஞ்சுகள், கொசுவைவிடச் சிறியவை, தின்று முடித்து வெளியேறிவிட்டன. நமக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்தக் குளவியும் இந்த ஊர்தானே என்று விட்டுவிட வேண்டியதுதான். கூட்டுக்கு வலை கட்டிக் காவல் இருப்பதெல்லாம் எனக்குச் சரியாகப் படவில்லை.

எருக்குக்கு வீட்டில் அனுமதி கிடைப்பது கடினம். "குடியிருக்கிற வீட்டில் எருக்கு முளைக்கவா, கண்ணு?" என்று அம்மா கேட்டால் பதில் இல்லை. வெள்ளெருக்கு என்றால் பிள்ளையாருக்கு ஆகும். எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். எருக்கைத் தேடி வரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிட நிறம் பார்ப்பதில்லை. பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் ஓடுகிற பக்கம் வைக்காதீர்கள்.

நம் மாநிலப் பூவான செங்காந்தளுக்கும் அதே எச்சரிக்கை, இன்னும் கடுமையாக. கண்வலிக்கிழங்கு என்பது இதுதான். கிழங்கு முதல் விதை வரை எல்லாம் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். நடுகிறவர்கள் கவைக் கிழங்கின் நுனி மொட்டை ஒடிக்காமல் நட்டு, ஏறுவதற்குப் பக்கத்தில் நொச்சியை விடுங்கள். பூ முடிந்ததும் கொடி காய்ந்து மாயமாகிவிடும். செத்துவிட்டது என்று தோண்டாதீர்கள், கிழங்கு தூங்குகிறது. இடம் மறக்காமல் இருக்கக் குச்சி ஒன்று நடுங்கள்.

இனி ஏமாற்றம். மாசி முதல் ஆனி வரை இந்தத் தோட்டம் தோட்டமாகவே தெரியாது. தும்பை காய்ந்து சருகாகி நிற்கும். எதிர்வீட்டு அக்கா, "தம்பி, பாம்பு வரப்போகிறது, கொளுத்திவிடு" என்பார். கொளுத்தினால் தும்பை விதையும் போய்விடும். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் சுவரோரம் ஓரடி அகலத்துக்குச் சுத்தமாகப் பெருக்கி, கல், ஓடு, பழைய சாக்கு எதையும் குவிக்காமல் வையுங்கள். வாசல் பக்கம் கத்தரித்த நொச்சி மட்டும் தெரிந்தால் பேச்சும் குறையும்.

களை எடுக்கக் கூலிக்கு ஆள் வந்தால் கூடவே நில்லுங்கள். நாம் காப்பாற்றுகிற எல்லாமே அவர் கண்ணுக்குக் களைதான். ஆவாரைக் கன்றிலும் செங்காந்தள் குச்சியிலும் சிவப்புத் துணி கட்டிக் காட்டிவிடலாம். தும்பைக்கும் பூளைக்கும் துணி கட்ட முடியாது. அந்தப் பக்கம் அவர் திரும்புகிற நேரத்தில் டீ வரவழைத்துவிடுங்கள்.