அட்வான்ஸ் வாங்க வேண்டுமா, முதலில் அந்தப் பழைய மெயிலைத் தேடி எடுங்கள்

பெங்களூரில் வாடகை வீட்டைக் காலி செய்யும்போதுதான் பழைய மெயிலின் அருமை தெரியும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து, 11 மாத ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பித்து வந்திருப்பீர்கள். கடைசியில் "அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீங்க?" என்று ஓனர் கேட்பார். முதல் ஒப்பந்தத்தின் ஸ்கேன் உங்கள் ஜிமெயிலில்தான் எங்கோ கிடக்கிறது. ஆனால் 'ரென்டல் அக்ரிமென்ட்' என்று அடித்தால் புரோக்கர்களின் விளம்பரமும் வீடு தேடும் தளங்களின் அறிவிப்புமாகக் கொட்டுகிறது, வேண்டியது மட்டும் வருவதில்லை.

காரணம் எளிது. நீங்கள் இன்று நினைவில் இருக்கும் சொல்லால் தேடுகிறீர்கள். அன்று ஓனர் தலைப்பில் 'டாக்ஸ்' என்றும் உள்ளே 'பி.எஃப்.ஏ.' (இணைப்பைப் பார்க்கவும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் மட்டும் எழுதி அனுப்பியிருப்பார். அந்த மெயிலில் 'ரென்டல்' என்ற சொல்லே இருக்காது. அதனால் முதலில் ஆளைப் பிடியுங்கள், அடுத்து காலத்தைப் பிடியுங்கள். சொல்லைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு குறிப்பு: கீழே தமிழ் எழுத்தில் வரும் கட்டளைகளைத் தேடுபெட்டியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். கட்டளையை ஒட்டி ஒரு கோலன், அதை ஒட்டியே தேடும் சொல். கோலனுக்குப் பின் இடைவெளி விடக் கூடாது. கட்டளையெல்லாம் மனப்பாடம் ஆகாது என்பவர்கள் கணினியில் தேடுபெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் வடிகட்டிச் சின்னத்தை அழுத்தினால் போதும். அனுப்பியவர், பெறுநர், தலைப்பு, தேதி, இணைப்பு எல்லாம் தனித்தனிக் கட்டங்களாக வரும்.

ஆளைப் பிடிப்பது

ஃப்ரம்:பெயர் என்று போட்டால் அந்த ஆள் அனுப்பியவை மட்டும் வரும். இங்கே நம் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் காலை வாரிவிடும். செந்திலை 'டி-எச்' போட்டும் எழுதுவார்கள், 'டி' போட்டும் எழுதுவார்கள். லட்சுமிக்கு நடுவில் 'எக்ஸ்' வருமா, 'கே-எஸ்-எச்' வருமா என்பது அவரவர் பள்ளிச் சான்றிதழைப் பொறுத்தது. ஜிமெயில் முழுச்சொல்லைத்தான் பொருத்திப் பார்க்கும், பாதிப் பெயரைக் கொடுத்துவிட்டு மீதியை அது ஊகிக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு எழுத்துக்கூட்டலையும் எழுதி நடுவில் 'ஓ-ஆர்' போடுங்கள். அது மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் அடித்தால் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.

ஃப்ரம்:மீ என்பதையும் மறக்க வேண்டாம். பல நேரம் ஸ்கேனை அனுப்பியதே நாம்தான். கம்பெனி எச்.ஆருக்கு எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) கணக்குக் காட்ட, கேஸ் இணைப்பை மாற்ற என்று அந்த ஒப்பந்தம் நம் கையாலேயே நாலு இடத்துக்குப் போயிருக்கும். ஓனரின் மெயில் கிடைக்காவிட்டாலும் நாம் அனுப்பிய நகல் கிடைத்துவிடும்.

காலத்தைப் பிடிப்பது

ஆஃப்டர்:2016/04/20 பிஃபோர்:2016/05/20 என்று அடித்தால் அந்த ஒரு மாதத்து மெயில்கள் மட்டும் வரும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் தேதியை அடிக்க வேண்டும். நம் வழக்கப்படி 01/05/2016 என்று அடித்தால் ஜிமெயில் அதை அமெரிக்க முறையில் படித்து, மே 1-ஐ ஜனவரி 5 ஆக்கிவிடும். முடிவுகள் வரத்தான் செய்யும், தவறான மாதத்திலிருந்து வரும். அதனால் தப்பு நடந்ததே தெரியாது. ஓரங்களில் ஒரு நாள் கூடுதலாக விடுங்கள், நேர மண்டல வித்தியாசத்தில் எல்லை நாளின் மெயில் நழுவக்கூடும்.

தேதியே நினைவில்லை என்றால் பாஸ்புக்கைப் பாருங்கள். அட்வான்ஸ் பணம் கணக்கிலிருந்து போன நாள் அதில் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் பதினைந்து நாள் வைத்தால் போதும். தோராயமாக 'ஐந்து வருடத்துக்கு மேல்' என்று மட்டும் தெரிந்தால் ஓல்டர், அடிக்கோடு, தேன், கோலன், 5, 'ஒய்' என்று இடைவெளியின்றி அடியுங்கள். மாதக் கணக்குக்கு 'எம்', நாள் கணக்குக்கு 'டி'.

இணைப்பைப் பிடிப்பது

ஹேஸ்:அட்டாச்மென்ட் என்றால் இணைப்பு உள்ளவை. ஃபைல்நேம்:பிடிஎஃப் என்றால் பி.டி.எஃப். கோப்பு உள்ளவை. ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த ஸ்டாம்ப் பேப்பர் உண்மையில் ஒரு படம்தான். அதற்குள் இருக்கும் எழுத்து தேடலில் மாட்டும் என்று எண்ணக் கூடாது, கோப்பின் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். 2020 ஜூனில் தடை வருவதற்கு முன்பு இங்கே பாதிப் பேர் கேம்ஸ்கேனரில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். சில கோப்புகளின் பெயரில் அந்தச் செயலியின் பெயரும் இருக்கலாம் என்பதால், ஃபைல்நேம்:கேம்ஸ்கேனர் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பழைய காகிதம் ஏதாவது வந்து நிற்கலாம். கோப்பை இணைக்காமல் கூகுள் டிரைவ் லிங்க்காக அனுப்பியிருந்தால் ஹேஸ்:டிரைவ்.

எல்லாம் சேர்ந்தால் இப்படி இருக்கும்:

ஃப்ரம்:ஓனர்பெயர் ஹேஸ்:அட்டாச்மென்ட் ஆஃப்டர்:2016/04/20 பிஃபோர்:2016/05/20

ஒன்றும் வரவில்லையா? புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், இருப்பதில் ஒவ்வொன்றாகக் கழியுங்கள். முதலில் இணைப்பு நிபந்தனையை எடுங்கள், அடுத்து ஆளை எடுங்கள் (அவர் மகன் ஐடியிலிருந்து அனுப்பியிருக்கலாம்). காலத்தை மட்டும் கடைசிவரை வைத்திருங்கள். மாறாக நூற்றுக்கணக்கில் கொட்டினால், வேண்டாத சொல்லின் முன்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். விளம்பரங்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்க, கழித்தல் குறியை ஒட்டி கேட்டகரி:ப்ரமோஷன்ஸ்.

பெயர் மாறியவை

இந்த ஊர்க்காரர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. 2014 நவம்பர் 1 அன்று ஊரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அதிகாரபூர்வமாக 'பேங்களோர்' என்பதிலிருந்து 'பெங்களூரு' என்று மாறியது. அதற்கு முந்தைய மெயில்களில் பெரும்பாலும் பழைய பெயர்தான் இருக்கும், பின்னால் வந்தவற்றிலும் பல பேர் பழையதையே எழுதினார்கள். அல்சூரும் ஹலசூரும் இதே கதை. இரண்டையும் 'ஓ-ஆர்' போட்டுத் தேடுங்கள்.

வங்கி மெயில்களில் இன்னும் மோசம். ஐ.என்.ஜி. வைஸ்யா 2015 ஏப்ரலில் கோட்டக்கோடு சேர்ந்தது. ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்.பி.ஐ.யில் கலந்தது. விஜயா பேங்க் 2019 ஏப்ரல் 1 அன்று பேங்க் ஆஃப் பரோடாவோடும், சிண்டிகேட் பேங்க் 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடும் இணைந்தன. அட்வான்ஸ் மாற்றிய 2016-ஆம் வருட மெயிலை 'எஸ்.பி.ஐ.' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? அன்று அந்தக் கணக்கு எந்தப் பெயரில் இருந்ததோ, அந்தப் பெயரைப் போடுங்கள்.

ரயில் டிக்கெட்டில் மட்டும் தப்பித்தோம். பெங்களூரு சிட்டி, சங்கொள்ளி ராயண்ணா நிலையம் ஆனது. சென்னை சென்ட்ரலுக்கும் 2019-இல் எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. ஆனால் எஸ்.பி.சி., எம்.ஏ.எஸ். என்ற குறியீடுகள் மாறவில்லை. நிலையப் பெயரை விட்டுவிட்டு இந்த மூன்றெழுத்தையோ பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணையோ போடுங்கள்.

தமிழில் எழுதிய மெயில்

வாடகை, வாடகைக்கு, வாடகையை மூன்றும் நமக்கு ஒரே சொல்தான். தேடுபெட்டி அப்படி எடுத்துக்கொள்ளும் என்று நம்பாமல் மூன்றையும் போடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்கள் ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள், அதற்கு ஆளையும் காலத்தையும் தவிர வேறு வழியில்லை. இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோட் எழுத்து முறை பரவுவதற்கு முன்பு டிஸ்கி, டாப், பாமினி போன்ற பழைய முறைகளில் அடித்தவை இன்று திறந்தால் கோணல்மாணல் எழுத்தாகத் தெரியும். அவற்றை யூனிகோட் தமிழில் தேடினால் ஒருநாளும் சிக்காது. அனுப்பியவரை வைத்துக் கண்டுபிடித்து, அந்த எழுத்தை ஒரு யூனிகோட் மாற்றியில் ஒட்டிப் படித்துக்கொள்ளலாம்.

கண்முன் இருந்தும் தெரியாதவை

ஒரே தலைப்பில் வந்த பதில்களை ஜிமெயில் ஒரு கட்டாகக் கட்டி, வெளியே கடைசிப் பதிலின் தேதியைக் காட்டும். 2016-இல் வந்த மெயிலுக்கு 2019-இல் யாராவது பதில் போட்டிருந்தால் பட்டியலில் 2019 என்றே தெரியும். 'இது அது இல்லை' என்று தள்ளிவிடாமல் திறந்து, எல்லாவற்றையும் விரிக்கும் சின்னத்தை அழுத்திப் பாருங்கள்.

சாதாரணத் தேடல் ஸ்பாமையும் குப்பையையும் பார்க்காது. இன்:எனிவேர் என்று சேர்த்தால் பார்க்கும். ஆனால் குப்பையில் போட்டது 30 நாளில் தானாக அழிந்துவிடும். ஆர்க்கைவ் செய்தது அழியாது, 'ஆல் மெயில்' பகுதியில் இருக்கும்.

ஆபீஸ் அவுட்லுக்கில் பழையது வராததற்குப் பெரும்பாலும் காரணம், கணினியில் கடைசி ஒரு வருட மெயில் மட்டும் இறக்கி வைக்கப்பட்டிருப்பதுதான். அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சேஞ்ச்' அழுத்தினால் அந்தக் கால அளவை நகர்த்தும் பட்டை வரும், அதை 'ஆல்' வரை இழுங்கள். அல்லது பிரவுசரில் அவுட்லுக்கைத் திறந்து அங்கே தேடுங்கள், அது இன்னும் எளிது. நேற்று வந்த மெயிலே தேடலில் வராவிட்டால் விண்டோஸின் இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) கெட்டிருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், ரீபில்ட். பெட்டி பெரிதாக இருந்தால் முடிய சில மணி நேரம் ஆகும், இரவில் ஓட விடுங்கள். வேலை மாறுபவர்கள் தங்கள் ஃபார்ம் 16 (வருமான வரி பிடித்ததற்கான சான்று), சம்பளச் சீட்டு, ரிலீவிங் கடிதம் எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். ஐடி மூடிய பிறகு தேட ஒன்றும் இருக்காது.

பழைய யாஹூ ஐடியில்தான் அந்த மெயில் வந்தது என்றால், 12 மாதம் திறக்காத பெட்டியை யாஹூ முடக்கிவிடும். கூகுளும் மைக்ரோசாஃப்டும் இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கை நீக்கலாம். இன்றைக்கே ஒருமுறை உள்ளே போய் வாருங்கள்.

மெயில் கிடைத்ததா? நட்சத்திரம் போட்டு, இணைப்பை இறக்கி வையுங்கள். ஓனருக்குப் புது மெயில் எழுத வேண்டாம், அதே பழைய மெயிலுக்கு ரிப்ளை கொடுங்கள். அவர் ஐடியும் அனுப்பிய தேதியும் கீழே அப்படியே நிற்கும். ரிப்ளையில் பழைய இணைப்பு கூடப் போகாது என்பதால், இறக்கி வைத்த ஒப்பந்தத்தை மறுபடி இணைத்து அனுப்புங்கள்.