கணவன் ஒரு நாடு, மனைவி ஒரு நாடு: மலேசியாவில் விவாகரத்து

மலேசியாக்காரரைக் கட்டிக்கொண்டு சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவர்களும் சரி, வேலை பெர்மிட்டில் குடும்பத்தோடு கோலாலம்பூர் வந்தவர்களும் சரி, உறவு முறியும்போது கேட்பது ஒன்றுதான்: இங்கேயே விவாகரத்து வாங்கிவிடலாமா? யாருடைய பாஸ்போர்ட் எந்த நாடு, தாலி எங்கே கட்டினார்கள் என்று கேட்டுவிட்டு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். நீதிமன்றம் முதலில் பார்ப்பது வேறு.

முஸ்லிம்களின் வழக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். அது தனிக் கதை. மற்றவர்களுக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம். நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1. மனுப் போடும் நாளில் தம்பதியின் டொமிசைல் மலேசியாவாக இருக்க வேண்டும் என்கிறது அது. கடைசிவரை வாழப்போகும் நாடு என்று நீங்கள் எதை வைத்திருக்கிறீர்களோ அதுதான் டொமிசைல். பெர்மிட்டில் வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக்கு இருப்பதெல்லாம் கணக்கில் வராது.

இன்னொன்று, மனைவியின் டொமிசைல் கணவனுடையதே என்ற பழைய ஆங்கிலேய விதி இங்கே இன்னும் ஒழியவில்லை. மலேசியாக்காரரை மணந்து வந்த பெண்ணுக்கு இதனால் தொல்லை இல்லை. இந்தியரை மணந்த பினாங்குப் பெண்ணுக்கோ, பிறந்து வளர்ந்த ஊரிலேயே டொமிசைல் இல்லாமல் போகலாம். கோபம் வரத்தான் செய்யும். அவளுக்கு உதவுவது 49ஆம் பிரிவு: மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் வழக்கமாக மலேசியாவில் வசித்திருந்தால் மனைவி வழக்குப் போடலாம். கணவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அப்புறம் நடைமுறை. கல்யாணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகாமல், விதிவிலக்கான கஷ்டம் இருந்தாலொழிய, மனு எடுபடாது. இருவரும் சம்மதித்தால் ஜாயிண்ட் பெட்டிஷன். காரணம் எதையும் நிரூபிக்க வேண்டாம். ஒருவர் மட்டும் போடுவதானால் முதலில் ஜேபிஎன் எனும் தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். எதிராளி வெளிநாட்டில் இருந்து, ஆறு மாதத்துக்குள் இங்கே வர வாய்ப்பில்லை என்றால் இந்தச் சமரசப் படியிலிருந்து விலக்கு உண்டு. வழக்கு நடப்பது உயர் நீதிமன்றத்தில்: கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா, பினாங்கில் லைட் ஸ்ட்ரீட். முதல் தீர்ப்பு வந்ததும் மறுமணத்துக்கு நாள் பார்க்காதீர்கள். பொதுவாக மூன்று மாதம் கழித்து அது இறுதியானால்தான் நீங்கள் தனி ஆள்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். இங்கே வாங்கிய தீர்ப்பு ஊரில் செல்லுமா? இந்து திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்துக்காக, எதிராளியும் மனமுவந்து கலந்துகொண்ட வழக்கில் கிடைத்த தீர்ப்பே வலு உள்ளது. எதிராளி எட்டிப் பார்க்காத வழக்கில் வாங்கிய காகிதத்தை நம்பி ஊரில் மறுமணம் செய்தால் இருதார வழக்கு வரை போகும். அதனால் இருவருமே பெர்மிட்டில் வந்த இந்தியர்கள் என்றால், தமிழ்நாட்டுக் குடும்பநல நீதிமன்றமே உங்களுக்குச் சரி என்பேன். பரஸ்பர சம்மதத்துக்கு அங்கே ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். அதன் பிறகான ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு 2017 முதல் வழி உண்டு. இலங்கைப் பொதுச் சட்டத்தில் சம்மதம் மட்டும் போதாது. கள்ள உறவு, கைவிட்டுப் போதல் போன்ற குற்றம் ஒன்றை நிரூபிக்க வேண்டும்.

விசாவை மறந்துவிட்டு வக்கீலிடம் ஓடாதீர்கள். ஸ்பவுஸ் விசாவும் டிபெண்டன்ட் பாஸும் அந்தத் திருமணத்தை நம்பியே நிற்கின்றன. அடுத்த புதுப்பிப்பு எப்போது, தனியாக வேலை பெர்மிட் கிடைக்குமா என்று மனுவுக்கு முன்பே விசாரித்து வையுங்கள். வீட்டில் அடி உதை என்றால் விவாகரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் போலீஸ் புகார் கொடுத்துப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். அதை மறுத்து வாதாடலாம். பிள்ளையைச் சொல்லாமல் ஊருக்குக் கூட்டிப்போவது மட்டும் வேண்டாம். பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்பதால், இந்தியாவுக்குப் போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர அங்கே போய் வழக்காடத்தான் வேண்டியிருக்கும்.